துருவ இளம் அறிவியலாளர் சங்கம்

துருவ இளம் அறிவியலாளர் சங்கம் என்பது ஆர்க்டிக், அன்டார்க்டிக் பகுதிகளையும் உலகின் பிற உறைபனிப் பகுதிகளையும் ஆராயும் மாணவர்களுக்கும் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கும் உரிய பன்னாட்டு அமைப்பாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இது 'ஏபெக்ஸ்' என்று பரவலாக அழைக்கப்படுகிறது. 2007-08 பன்னாட்டுத் துருவ ஆண்டின்போது இளம் ஆய்வாளர்களே முன்னின்று இதை உருவாக்கினர். உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. பனியியல், கடலியல், வளிமண்டலவியல், உயிரியல், நிலவியல் ஆகிய துறையினரும், துருவப் பகுதி மக்களைப் பற்றி ஆராயும் சமூக அறிவியல் துறையினரும், துருவ அறிவியலைக் கற்பிக்கும் ஆசிரியர்களும் இதில் இணைந்துள்ளனர்.

சுற்றுச்சூழல் துறையில் பணியைத் தொடங்குவோருக்கான தொழில்சார் வலையமைப்புகள் இன்று பல உள்ளன. அவை எவ்வாறு தோன்றுகின்றன, எவ்வாறு இயங்குகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை அறிய ஏபெக்ஸ் ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும்.

தொடக்கநிலை ஆய்வாளர் என்பவர் யார்?

தொடக்கநிலை ஆய்வாளர் என்பதற்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரையறை இல்லை. ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் மாணவர்களையும், மிக உயர்ந்த பட்டத்தைப் பெற்று 7 ஆண்டுகள் கடக்காதவர்களையும் இப்பிரிவில் சேர்க்கிறது. குழந்தை வளர்ப்புக்காக எடுத்த விடுப்புக் காலம் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் இக்கால அளவை 10 ஆண்டுகளாகக் கொள்கிறது. பொதுவாக முதுகலை மாணவர், முனைவர் பட்ட மாணவர், முனைவர் பட்டத்துக்குப் பின் குறுகிய கால ஒப்பந்தத்தில் பணிபுரிபவர், புதிதாக உதவிப் பேராசிரியரானவர் ஆகியோர் இவ்வகையினர்.

இவர்களின் வயது ஒன்றாக இருப்பதில்லை. நிலையற்ற பணியே இவர்களுக்குப் பொதுவானது. ஆய்வுக் களத்தில் அளவீடு எடுப்பது, மாதிரிகளைச் சேகரிப்பது, ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்வது, கணினி நிரல் எழுதுவது ஆகியவற்றில் பெரும்பகுதியை இவர்களே செய்கின்றனர். எந்த ஆய்வுக்கு நிதி கிடைக்கும், எந்த அறிக்கையை யார் எழுதுவார்கள், எந்தத் தரவு யாருக்குப் பகிரப்படும் என்பவை முடிவாகும் இடங்களில் இவர்களுக்குப் பெரும்பாலும் இடமிருப்பதில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் பலர் துறையை விட்டே விலகுகின்றனர். அவர்களுடன் அவர்கள் கற்ற நுட்பங்களும் போய்விடுகின்றன.

துருவ ஆய்வில் இந்த இழப்பு கூடுதலாக உணரப்படும். ஒரு பனியாற்றின் மீது கருவிகளை நிறுவுவதையும், கடுங்குளிரில் பனித்தூண் மாதிரிகளைச் சிதையாமல் எடுப்பதையும் நூல்களை மட்டும் படித்துக் கற்க முடியாது. அனுபவமுள்ள ஒருவருடன் சென்று, பார்த்துப் பழகித்தான் கற்க வேண்டும். ஒரு தலைமுறை இடையில் விடுபட்டால் அந்த அறிவை மீண்டும் பெறப் பல ஆண்டுகள் ஆகும்.

பின்னணி: நான்கு துருவ ஆண்டுகள்

ஏபெக்ஸ் தோன்றிய சூழலைப் புரிந்துகொள்ளப் பன்னாட்டுத் துருவ ஆண்டுகளின் வரலாறு உதவும். பல நாடுகள் ஒரே காலத்தில், ஒரே முறையில் துருவப் பகுதிகளை அளவிடும் கூட்டு முயற்சியே பன்னாட்டுத் துருவ ஆண்டு எனப்படுகிறது.

இந்த எண்ணத்தை முன்வைத்தவர் ஆஸ்திரிய-அங்கேரியக் கடற்படை அதிகாரியான கார்ல் வைப்ரெக்ட். எந்த நாடு வடக்கே அதிகத் தூரம் செல்கிறது என்ற போட்டியால் அறிவியலுக்குப் பயன் குறைவு என்றும், பல இடங்களில் ஒரே நேரத்தில் எடுக்கப்படும் அளவீடுகளே பயன் தரும் என்றும் அவர் கருதினார். முதல் துருவ ஆண்டு 1882-83இல் 12 நாடுகளின் பங்கேற்புடன் நடந்தது. அதைக் காண வைப்ரெக்ட் உயிருடன் இல்லை. அவர் 1881இல் காலமானார். ஒவ்வொரு நாடும் தன் அளவீடுகளைத் தனித்தனியே வெளியிட்டது. அவற்றை ஒன்றுசேர்த்துப் பகுப்பாய்வு செய்யும் பணி உரிய அளவில் நடக்கவில்லை.

இரண்டாவது துருவ ஆண்டு 1932-33இல், உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே நடந்தது. சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் மூண்டதால், சேகரித்த தரவுகளைத் தொகுக்கும் பணி தடைப்பட்டது. ஒரு பகுதி தரவுகள் தொலைந்தும் போயின.

மூன்றாவது முயற்சி 1957-58இல் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டு என்ற விரிந்த வடிவில் நடந்தது. 67 நாடுகள் பங்கேற்றன. முந்தைய இரண்டிலும் இல்லாத ஒன்று இதில் நிகழ்ந்தது. முயற்சி முடிந்த பின்னும் நிலைத்து நிற்கும் அமைப்புகள் உருவாயின. அன்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழு 1958இல் தொடங்கப்பட்டது. அன்டார்க்டிக் ஒப்பந்தம் 1959 டிசம்பர் 1 அன்று கையெழுத்தானது.

நான்காவது துருவ ஆண்டு 2007 மார்ச் முதல் 2009 மார்ச் வரை நீடித்தது. இரு துருவங்களிலும் முழுக் கோடையையும் முழுக் குளிர்காலத்தையும் உள்ளடக்குவதற்காகவே 'ஆண்டு' என்ற பெயரில் ஈராண்டுக் காலம் ஒதுக்கப்பட்டது. உலக வானிலை அமைப்பும் பன்னாட்டு அறிவியல் மன்றமும் இதை ஒருங்கிணைத்தன. 60க்கும் மேற்பட்ட நாடுகள் பங்கேற்றன. இதற்காக ஒதுக்கப்பட்ட நிதியால் ஏராளமான முனைவர் பட்ட மாணவர்களும் குறுகிய கால ஆய்வாளர்களும் துருவ ஆய்வுக்குள் வந்தனர். நிதி தீர்ந்த பின் இவர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது.

உருவாக்கம்

துருவ ஆண்டுக்கான தயாரிப்பின்போது இளைஞர்களிடையே இரு முயற்சிகள் தோன்றின. ஒன்று, பள்ளி, கல்லூரி மாணவர்களிடம் துருவ அறிவியலைக் கொண்டுசெல்ல எண்ணிய இளைஞர் வழிநடத்தற்குழு. மற்றொன்று, ஆய்வைத் தொழிலாகத் தேர்ந்தவர்களின் பயிற்சியையும் பணி வாய்ப்பையும் முன்னிறுத்திய குழு. 2007இல் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் கூடியபோது இவ்விரு முயற்சிகளும் ஒரே அமைப்பாக இணைந்தன. இதனால்தான் ஆய்வாளர் நலன், பொதுமக்களுக்கான அறிவியல் பரப்பல் ஆகிய இரண்டும் ஏபெக்ஸின் நோக்கங்களாக உள்ளன.

அமெரிக்க அறிவியலாளரான ஜென்னி பேஸ்மன் இதன் முதல் இயக்குநராகப் பணியாற்றினார். அவர் பின்னாளில் அன்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழுவின் நிர்வாக இயக்குநரானார். 1958இல் உருவான மூத்த அமைப்பின் நிர்வாகப் பொறுப்பு, அரை நூற்றாண்டுக்குப் பின் தோன்றிய இளையோர் அமைப்பில் பணியாற்றிய ஒருவரிடம் வந்து சேர்ந்தது.

அமைப்பு முறை

ஏபெக்ஸின் அன்றாடப் பணிகளை ஓர் இயக்குநரகம் கவனிக்கிறது. இதற்கான இடத்தையும் ஊதியத்தையும் ஏதேனும் ஒரு நாட்டின் ஆய்வு நிறுவனம் ஏற்கும். தொடக்கத்தில் இது நார்வேயின் டிரொம்சோ நகரில் இயங்கியது. 2017இல் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரில் உள்ள ஆல்ஃபிரட் வேகனர் ஆய்வு நிறுவனத்துக்கு மாறியது.

இயக்குநரகத்தைத் தவிர மற்ற பொறுப்புகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றிப் பணிபுரியும் இளம் ஆய்வாளர்களே. இவர்களின் பேரவை பல திட்டக் குழுக்களாகப் பிரிந்து வேலை செய்கிறது. பேரவையிலிருந்து செயற்குழு தேர்ந்தெடுக்கப்படுகிறது. மூத்த அறிவியலாளர்கள் ஆலோசகர்களாக உள்ளனர். முடிவெடுக்கும் பொறுப்பு இளையோரிடமே இருக்கிறது.

பல நாடுகளில் தேசியக் குழுக்களும் உள்ளன. பிரிட்டனின் துருவ வலையமைப்பு, அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, பிரேசில், போர்ச்சுகல் ஆகிய நாடுகளின் குழுக்கள் இவற்றுள் சில. தத்தம் மொழியில், தத்தம் கல்விமுறைக்கு ஏற்பச் செயல்பட இவை வழிசெய்கின்றன. பிரேசில் மாணவருக்கும் ஜெர்மன் மாணவருக்கும் நிதி கிடைக்கும் வழிகள் வேறு. எனவே பன்னாட்டு அமைப்பால் மட்டும் தர முடியாத உதவியைத் தேசியக் குழுக்கள் தருகின்றன.

முக்கியப் பணிகள்

பயிற்சி: பெரிய துருவ மாநாடுகளுக்கு முன்னோ பின்னோ ஏபெக்ஸ் பயிலரங்குகளை நடத்துகிறது. 2010இல் ஆஸ்லோவிலும் 2012இல் மான்ட்ரியாலிலும் நடந்த துருவ ஆண்டு மாநாடுகளின்போதும் இவ்வாறு நடந்தது. நிதி விண்ணப்பம் எழுதுதல், கட்டுரைகளை மதிப்பாய்வு செய்தல், தரவுகளைச் சேமித்துப் பகிர்தல், களப்பயணத்தைத் திட்டமிடுதல் ஆகியவை பயிற்சிப் பொருள்களாகும். இவற்றைப் பல்கலைக்கழகங்கள் பாடமாகக் கற்பிப்பது குறைவு. நல்ல நெறியாளர் அமைந்த மாணவர் கேட்டுத் தெரிந்துகொள்வார். அமையாதவர் தவறு செய்து கற்பார். இந்த வேறுபாட்டைக் குறைப்பதே பயிற்சியின் பயன்.

வழிகாட்டல்: மாநாடுகளில் மூத்தவர்களும் இளையவர்களும் சிறு குழுக்களாக அமர்ந்து பேசும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. ஒப்பந்தம் முடிந்தால் என்ன செய்வது, குழந்தை பிறந்த பின் களப்பணியை எப்படித் தொடர்வது, ஆய்வை விட்டு அரசுத் துறைக்கோ தன்னார்வ நிறுவனத்துக்கோ செல்வது தோல்வியாகுமா என்பன போன்ற கேள்விகளைச் சொந்த நெறியாளரிடம் கேட்கப் பலர் தயங்குவர். வேறு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்பது எளிது.

குழுக்களில் இடம்: அன்டார்க்டிக் ஆய்வுக்கான அறிவியல் குழு, பன்னாட்டு ஆர்க்டிக் அறிவியல் குழு ஆகியவற்றுடன் ஏபெக்ஸ் உடன்படிக்கைகள் செய்துள்ளது. இவற்றின் வழியே இளம் ஆய்வாளர்கள் அந்த அமைப்புகளின் பணிக்குழுக் கூட்டங்களில் பங்கேற்கின்றனர். ஆர்க்டிக் அறிவியல் குழுவின் இளம் ஆய்வாளர் திட்டத்தில் தேர்வாகிறவர்கள் அக்குழுவின் நடைமுறைகளை உள்ளிருந்தே கற்கின்றனர்.

அறிவியல் பரப்பல்: ஆண்டுதோறும் மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்களை ஒட்டிப் பன்னாட்டுத் துருவ வாரம் கொண்டாடப்படுகிறது. அந்நாள்களில் வடதுருவமும் தென்துருவமும் ஏறத்தாழ ஒரே அளவு சூரிய ஒளியைப் பெறுவதால் இக்காலம் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆய்வாளர்கள் பள்ளிகளுக்குச் சென்றும் இணையவழியாகவும் மாணவர்களுடன் உரையாடுகின்றனர். தம் ஆய்வை ஒரு நிமிடத்துக்குள் விளக்கும் 'ஃப்ராஸ்ட்பைட்ஸ்' என்ற சிறு பதிவுகளையும் உறுப்பினர்கள் உருவாக்கியுள்ளனர்.

ஐபிசிசி அறிக்கைகளில் கூட்டு மதிப்பாய்வு

இளம் ஆய்வாளர் வலையமைப்பு ஒன்று அறிவியலுக்கே பயன்படும் என்பதைக் காட்டிய நிகழ்வு, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு எனப்படும் ஐபிசிசியின் அறிக்கைகளை மதிப்பாய்வு செய்ததாகும்.

ஐபிசிசி தானாகப் புதிய ஆய்வுகளைச் செய்வதில்லை. வெளியான ஆய்வுகளை மதிப்பிட்டுத் தொகுக்கிறது. முதல் வரைவை வல்லுநர்கள் படித்துக் கருத்துரைப்பர். இரண்டாம் வரைவை வல்லுநர்களும் அரசுகளும் படிப்பர். ஒவ்வொரு கருத்துரைக்கும் அறிக்கையின் ஆசிரியர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும். கருத்துரைகளும் பதில்களும் பின்னர் வெளியிடப்படும். தமக்கு உரிய துறை அறிவு உண்டு என்று உறுதியளித்து யார் வேண்டுமானாலும் மதிப்பாய்வாளராகப் பதிவு செய்யலாம்.

விதிப்படி கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் முனைவர் பட்ட மாணவர் ஒருவர் தம்மை வல்லுநர் என்று அறிவித்துக்கொள்ளத் தயங்குவார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட வரைவைத் தனி ஒருவர் படித்து முடிப்பதும் கடினம்.

மாறிவரும் காலநிலையில் கடலும் உறைபனி மண்டலமும் பற்றிய ஐபிசிசியின் சிறப்பு அறிக்கை 2019 செப்டம்பரில் மொனாக்கோவில் வெளியானது. 36 நாடுகளைச் சேர்ந்த 104 ஆசிரியர்கள் அதை எழுதினர். மொத்தம் 31,176 கருத்துரைகள் வந்தன. இதன் வரைவை மதிப்பாய்வு செய்யத் தொடக்கநிலை ஆய்வாளர்கள் பலர் ஒரு குழுவாக இணைந்தனர். ஏபெக்ஸுடன் உறைநில இளம் ஆய்வாளர் வலையமைப்பு, புவி அமைப்பு இளம் அறிவியலாளர் அமைப்பான யெஸ், தொல்காலநிலை ஆய்வு அமைப்பான பேஜஸின் தொடக்கநிலையாளர் வலையமைப்பு ஆகியவையும் இதில் ஈடுபட்டன.

இவ்வகைக் கூட்டு மதிப்பாய்வில் வேலை பகிரப்படுகிறது. விண்ணப்பித்தவர்களின் ஆய்வுத் துறைக்கு ஏற்ப அத்தியாயங்கள் ஒதுக்கப்படும். ஒவ்வொருவரும் தம் பகுதியைப் படித்துக் கருத்துரை எழுதுவர். ஒருங்கிணைப்பாளர்கள் அவற்றைத் தொகுத்து, ஒரே கருத்து திரும்ப வந்தால் நீக்கி, ஐபிசிசிக்கு அனுப்புவர். கடல்பனி பற்றி ஆய்வேடு எழுதும் மாணவர் அந்தத் தலைப்பில் அண்மையில் வந்த கட்டுரைகளை எல்லாம் படித்திருப்பார். அந்தக் குறுகிய பகுதியில் அவருடைய அறிவு மூத்த பேராசிரியருடையதற்குக் குறைந்ததாக இராது. எந்தக் கட்டுரை விடுபட்டது, எந்த எண் பழையது, எந்த வரைபடம் குழப்பமாக உள்ளது என்பதை அவரால் சுட்டிக்காட்ட முடியும்.

இந்த முயற்சியின் விளைவுகளைப் பங்கேற்றவர்களே ஆராய்ந்து 2020இல் ஓர் ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டனர். தொடக்கநிலை ஆய்வாளர்கள் திறமையும் செயல்வேகமும் உள்ள மதிப்பாய்வாளர்கள் என்பது அதன் முடிவு. இவ்வகை மதிப்பாய்வு பின்னர் ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின் வரைவுக்கும் நடந்தது. அவ்வறிக்கையின் முதல் பகுதி 2021 ஆகஸ்டில் வெளியானது.

களப் பாதுகாப்பு

களப்பணியில் இளையவர்கள் எதிர்கொள்ளும் ஆபத்து குளிரும் பனிப்பிளவுகளும் மட்டுமல்ல. பல துறைகளைச் சேர்ந்த 666 களப்பணியாளர்களிடம் நடத்தி 2014இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், 64 விழுக்காட்டினர் களத்தில் பாலியல் சீண்டலுக்கு உள்ளானதாகக் கூறினர். ஐவரில் ஒருவருக்கும் மேற்பட்டோர் பாலியல் தாக்குதலுக்கு ஆளானதாகக் கூறினர். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் மாணவர்களும் பயிற்சி நிலையில் இருந்தவர்களும் ஆவர். புகார் அளிக்க வழி இருந்ததாகவே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

தொலைதூர முகாமில் இச்சிக்கல் கடுமையாகிறது. வாரக்கணக்கில் ஒரே கூடாரத் தொகுதியில் தங்க வேண்டும். விரும்பிய நேரத்தில் ஊர் திரும்ப முடியாது. பரிந்துரைக் கடிதம் தர வேண்டியவரே துன்புறுத்துபவராக இருக்கலாம். இந்நிலையில், தன் நிறுவனத்துக்கு வெளியே நம்பிப் பேச ஓர் இடம் இருப்பது மாணவருக்குப் பெரிய துணையாகும். முகாமுக்குப் புறப்படும் முன்பே நடத்தை விதிகளை எழுதிக்கொள்வது, புகார் பெறுபவர் யார் என்று முடிவு செய்வது, வெளியுலகோடு தனியாகத் தொடர்புகொள்ள வழி வைத்திருப்பது ஆகியவை இன்று களப்பயிற்சியின் பகுதியாகக் கருதப்படுகின்றன. எனினும் வலையமைப்பால் அறிவுரை கூற முடியுமே தவிர, விசாரிக்கவோ தண்டிக்கவோ அதிகாரம் இல்லை. அது பணியமர்த்தும் நிறுவனத்தின் கடமையாகும்.

இந்தியாவும் துருவ ஆய்வும்

இந்தியாவின் முதல் அன்டார்க்டிக் பயணம் 1981-82இல் எஸ். இசட். காசிம் தலைமையில் நடந்தது. 1983-84 பயணத்தில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் ஆகியோர் அன்டார்க்டிகா சென்ற முதல் இந்தியப் பெண் அறிவியலாளர்களாயினர். தட்சிண கங்கோத்ரி, மைத்ரி, பாரதி ஆகிய நிலையங்கள் அங்கு அடுத்தடுத்து அமைக்கப்பட்டன. ஆர்க்டிக்கில் ஹிமாத்ரி நிலையம் 2008இல், நான்காவது துருவ ஆண்டு நடந்துகொண்டிருந்தபோதே, தொடங்கப்பட்டது. இமயமலையின் ஸ்பிதி பகுதியில் ஹிமான்ஷ் நிலையம் 2016இல் திறக்கப்பட்டது. கோவாவில் உள்ள தேசியத் துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இப்பணிகளை ஒருங்கிணைக்கிறது. 2024 மே மாதம் அன்டார்க்டிக் ஒப்பந்த நாடுகளின் 46ஆவது ஆலோசனைக் கூட்டம் கொச்சியில் நடந்தது.

துருவங்களில் நிலத்தின் மேல் உள்ள பனி உருகுவது உலகக் கடல்மட்டத்தை உயர்த்துவதால், நீண்ட கடற்கரை கொண்ட தமிழ்நாட்டுக்கும் இவ்வாய்வுகள் நேரடித் தொடர்புடையவை. தென்னிந்தியக் கல்லூரியில் இயற்பியலோ நிலவியலோ பயிலும் மாணவருக்குத் துருவ ஆய்வாளர் ஒருவரை நேரில் சந்திக்கும் வாய்ப்பு குறைவு. கட்டணமில்லா உறுப்பினர் முறையும் இணையவழிக் கருத்தரங்குகளும் அத்தகைய மாணவருக்கு முதல் படியாக அமையும்.

ஒத்த வலையமைப்புகள்

துருவ ஆய்வுக்கு வெளியேயும் இதே தேவையிலிருந்து பல அமைப்புகள் தோன்றியுள்ளன. காட்டுயிர்ப் பாதுகாப்புத் துறையில் மாணவர்களுக்கான பாதுகாப்பு அறிவியல் மாநாடு கேம்பிரிட்ஜில் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. அதன் இணை மாநாடு பெங்களூரில் 2010 முதல் நடந்துவருகிறது. அங்கு மேடையில் பேசுபவர்கள் மாணவர்கள்; கேட்டுக் கருத்துக் கூறுபவர்களில் அறிவியலாளர்களும், வனத்துறை, தன்னார்வ நிறுவனங்களைச் சேர்ந்த களப் பணியாளர்களும் இருப்பர். ஆய்வு முடிவு நடைமுறைக்கு உதவுமா என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிடுகிறது.

இந்தியாவின் இளம் சூழலியலாளர்கள் 2009 முதல் 'யெட்டி' என்ற பெயரில் கூடுகின்றனர். மாணவர்களே ஏற்பாடு செய்யும் இக்கூட்டங்களில் உரைகளோடு, செய்முறைப் பயிற்சிகளும் இடம்பெறுகின்றன.

இவ்வமைப்புகளின் வடிவம் வேறுபட்டாலும் அடிப்படை ஒன்றே. தனித்தனி ஆய்வகங்களில், தனித்தனிக் களங்களில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதால், தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்ய முடிகிறது.

குறைபாடுகளும் விவாதங்களும்

ஊதியமற்ற உழைப்பு: இவ்வமைப்புகளை நடத்துபவர்கள் நேரமும் பணமும் மிகக் குறைவாக உள்ளவர்களே. மாநாட்டு ஏற்பாடு, பயிலரங்கு, மதிப்பாய்வு ஒருங்கிணைப்பு ஆகியவற்றுக்குச் செலவிடும் நேரம் ஆய்வேட்டுக்கோ கட்டுரைகளுக்கோ செலவிடும் நேரத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. பணி நியமனத்தில் வெளியிட்ட கட்டுரைகளுக்குத் தரப்படும் மதிப்பு இத்தகைய பொதுப்பணிக்குப் பெரும்பாலும் தரப்படுவதில்லை.

விரைவான மாற்றம்: தொடக்கநிலையாளர் என்ற நிலையே தற்காலிகமானது. பொறுப்பாளர்கள் ஓரிரு ஆண்டுகளில் மாறுகின்றனர். எழுதி வைக்காத அனுபவம் அவர்களோடு போய்விடும். எந்த இழப்பைத் தடுக்க வலையமைப்பு தோன்றியதோ, அதே இழப்பு வலையமைப்புக்குள்ளும் நேரக்கூடும். ஊதியம் பெறும் சிறிய இயக்குநரகம் ஒன்று தேவைப்படுவதற்கு இதுவே முதன்மைக் காரணம். அந்த இயக்குநரகமோ ஏதேனும் ஒரு நாட்டின் நிதியை நம்பியிருக்கிறது.

சமமற்ற வாய்ப்பு: உறுப்பினராகக் கட்டணம் இல்லை என்றாலும் மாநாட்டுக்குச் செல்லப் பயணச் செலவும் விசாவும் வேண்டும். பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்கு இவை எளிதாக அமைகின்றன. ஆர்க்டிக்கிலேயே பிறந்து வாழும் இனுயிட், சாமி போன்ற பழங்குடி மக்களின் அறிவும் பங்கேற்பும் உரிய இடம் பெறவில்லை என்ற விமர்சனம் துருவ அறிவியல் முழுவதன் மீதும் உள்ளது.

அரசியல்: ஆர்க்டிக் பெருங்கடலின் கரையில் பாதிக்கு மேல் ரஷ்யாவுக்கு உரியது. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022 மார்ச்சில் ஆர்க்டிக் மன்றத்தின் பணிகளில் மற்ற ஏழு உறுப்பு நாடுகள் பங்கேற்பதை நிறுத்தின. ரஷ்ய நிறுவனங்களுடனான பல ஆய்வுக் கூட்டுறவுகளும் நின்றன. சைபீரிய உறைநிலத்தை ஆய்வுப் பொருளாகக் கொண்ட மாணவர்கள் களத்தையும் தரவையும் இழந்தனர். நிரந்தரப் பணியில் உள்ள பேராசிரியர் காத்திருக்கலாம். மூன்று, நான்கு ஆண்டுகளில் ஆய்வேட்டை முடிக்க வேண்டியவர் தலைப்பையே மாற்ற நேரும். இத்தகைய நெருக்கடியை எந்த வலையமைப்பாலும் தீர்க்க முடியாது. மாற்றுக் களமும் மாற்றுத் தரவும் எங்கே கிடைக்கும் என்று கேட்டறிய உதவ முடியும்.

ஐந்தாவது துருவ ஆண்டை நோக்கி

ஐந்தாவது பன்னாட்டுத் துருவ ஆண்டு 2032-33இல் நடத்தத் திட்டமிடப்பட்டுள்ளது. முதல் துருவ ஆண்டு நடந்து அப்போது 150 ஆண்டுகள் ஆகியிருக்கும். ஐக்கிய நாடுகள் அவையும் 2025 முதல் 2034 வரையிலான காலத்தை உறைபனி மண்டல அறிவியலுக்கான செயல்பாட்டுப் பத்தாண்டாக அறிவித்துள்ளது.

இரண்டாவது துருவ ஆண்டு நடந்தபோது முதலாவதில் இளைஞர்களாகப் பங்கேற்றவர்கள் எழுபது வயதைக் கடந்திருந்தனர். மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையே அரை நூற்றாண்டு இடைவெளி இருந்தது. ஐந்தாவது துருவ ஆண்டுக்கு இந்த நிலை இல்லை. 2007இல் மாணவராக இருந்தவர்கள் 2032இல் ஆய்வகத் தலைவர்களாகவும் பேராசிரியர்களாகவும் இருப்பார்கள். நான்காவது துருவ ஆண்டில் எது சரியாக நடந்தது, எது தவறியது என்பதை அவர்கள் நேரில் கண்டவர்கள். இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் பயில்பவர்களே அந்த ஆண்டில் களத்தில் அளவீடு எடுக்கும் தொடக்கநிலை ஆய்வாளர்களாக இருப்பார்கள். இவ்விரு தலைமுறைகளையும் சந்திக்க வைத்து, ஒன்றின் அனுபவம் மற்றொன்றுக்குச் சேர வழிசெய்வதே துருவ இளம் அறிவியலாளர் சங்கம் போன்ற வலையமைப்புகளின் முதன்மைப் பணியாகும்.